சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள், கரடுமுரடான பாதைக்கு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி, ஜனவரி 6
கல்லும் வேரும் கிடக்கிற மண்பாதையில் வாரம் இரண்டு நாள் ஓட்டுவேன். என் எடை 85 கிலோ. அதிகம் செலவழிக்க முடியாது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் வேண்டாம், அதைப் பராமரிக்க எனக்குப் பொறுமை இல்லை. பத்து வருடமாவது உழைக்க வேண்டும். ஸ்டீல் ஃப்ரேம்தான் சரி, அலுமினியம் உடையும் என்கிறார்கள். எந்த ஃப்ரேமைப் பார்ப்பது?

ஜனவரி 6, இரவு
ஃப்ரேமைக் கடைசியில் பாருங்கள். முதலில் பின்சக்கரத்தைப் பாருங்கள்.

இருபது வருடத்தில் நான் உடைத்தவை: பின் ஆக்ஸில் (சக்கரத்தின் அச்சு) இரண்டு, ரிம் ஒன்று, டீரெயிலர் (செயினைக் கியர் மாற்றும் கை) மூன்று, சீட் ஒன்று, ஸ்போக்ஸ் கணக்கில்லை. ஃப்ரேம் ஒன்றே ஒன்று. அந்தக் கதை அப்புறம்.

ஆக்ஸில் இரண்டும் ஒரே காரணத்தால் போயின. விலை குறைந்த சைக்கிள்களில் பின் பல்சக்கரக் கொத்து ஃப்ரீவீல் வகையாக இருக்கும். அதாவது கொத்து முழுவதும் ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மேல் மரை போட்டு முறுக்கியிருக்கும். வலது பக்க பேரிங் அந்தக் கொத்துக்கு உள்ளே, சக்கரத்தின் நடுவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு வெளியே ஆக்ஸில் தாங்க ஆளில்லாமல் நீண்டு நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளையும், ஒரு நாள் முறியும். ஃப்ரீஹப் வகையில் பேரிங்கை வெளி ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஷிமானோ 1978லேயே இதைச் செய்துவிட்டது. ஆனால் புதுச் சைக்கிள்களில் இன்றும் பழைய வகை வந்துகொண்டுதான் இருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். பல்சக்கரங்களைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் ஸ்பானர் மாட்டுகிற பள்ளங்கள் தெரியும். அவை பற்களோடு சேர்ந்து சுற்றினால் ஃப்ரீஹப். பல் மட்டும் சுற்றி அவை சும்மா நின்றால் ஃப்ரீவீல். உங்கள் எடைக்கும் உங்கள் பாதைக்கும் ஃப்ரீவீல் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது.

ஜனவரி 7
சஸ்பென்ஷன் வேண்டாம் என்ற முடிவு சரி. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் பாதிதான். நல்ல ஃபோர்க் நல்லதுதான், அதற்கான விலையும் அப்படியே இருக்கும். விலை குறைந்த சைக்கிளில் வருவது உள்ளே ஒரு ஸ்பிரிங், மேலே ஒரு அலங்காரத் திருகு. அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே உருப்படியாக எதுவும் இருக்காது. கல்லில் ஏறினால் அமுங்கும், உடனே உங்களைத் தூக்கி எறியும். எடை இரண்டரைக் கிலோ, சிலது அதற்கும் மேல். சஸ்பென்ஷன் இல்லாத, அதாவது ரிஜிட், சாதாரண ஸ்டீல் ஃபோர்க் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

என் முதல் சைக்கிளில் இருந்த ஃபோர்க் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. எனக்கு அது தெரியவே இல்லை. ஒரு வருடம் கழித்து ஒரு நண்பன் ஹேண்டில்பாரை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த வருடம் முழுக்க நான் ஓட்டியது ரிஜிட் சைக்கிள்தான், என்ன, கூடுதலாக ஒன்றரைக் கிலோவைச் சுமந்திருக்கிறேன். அதைக் கழற்றி வைத்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இதெல்லாம் தொடங்கியதே சஸ்பென்ஷன் இல்லாமல்தான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் 1930, 40களின் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டு போய் மண்பாதையில் பந்தயமாக இறக்கினார்கள். பின்னால் இருந்தது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் முழுவதும் உருகிப் புகையாகிவிடும். திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர். முன் சஸ்பென்ஷன் கடைக்குப் பரவலாக வந்தது 1990க்குப் பிறகு.

ஜனவரி 9
ஸ்டீலா அலுமினியமா என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீல். பாதையின் அதிர்வை அது உள்வாங்கிக்கொள்ளும், உடம்பு தளராது. அலுமினியம் கல்லை அப்படியே கைக்குக் கடத்தும். விஷயம் முடிந்தது.

ஜனவரி 10
விஷயம் முடியவில்லை. நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடையில் நின்று பேசுகிற ஆள் மாதிரி எழுதியிருக்கிறேன்.

பின்புற ஃப்ரேம் என்பது முக்கோணங்கள். முக்கோணம் மேலிருந்து கீழாக அமுங்கவே அமுங்காது, ஸ்டீலானாலும் அலுமினியமானாலும் ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது. அகலமான டயர் அமுங்குவது சென்டிமீட்டர் கணக்கில். ஆக நான் பத்து வருடமாக ‘ஸ்டீலின் சுகம்’ என்று பெருமை பேசியது பெரும்பாலும் டயரின் சுகம். ஃபோர்க்கின் கால்களும் சீட்டைத் தாங்கும் மெலிந்த சீட்போஸ்டும் கொஞ்சம் நெளியும், அது உண்மை. அந்த அளவில் மட்டும் நேற்றைய பேச்சு நிற்கும்.

அலுமினியம் உடையும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. ஸ்டீலுக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை அசைத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது, சிறிய அசைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் தயாரிக்கிறவர்கள் குழாயைப் பெரிதாக வைத்து அசைவையே குறைத்துவிடுகிறார்கள். ஒழுங்காகச் செய்த அலுமினிய ஃப்ரேம் உங்கள் பத்து வருடத்தைத் தாண்டும்.

‘ஹைடென்’ என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், மகிழவும் வேண்டாம். அது மலிவான ஸ்டீல். குரோமோலி என்ற உயர்ந்த வகை ஸ்டீலுக்கும் அதற்கும் விறைப்பு ஒன்றுதான், வலுவில்தான் வித்தியாசம். வலு குறைவு என்பதால் குழாயைத் தடிமனாக வைப்பார்கள், எடை ஏறும். நானாக இருந்தால் ஹைடென் ஃப்ரேமில் நல்ல சக்கரம் இருக்கிற சைக்கிளை எடுப்பேன், குரோமோலியில் ஃப்ரீவீல் மாட்டியதை விடுவேன்.

ஜனவரி 18
டயர். இதைத்தான் முதல் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் உங்களுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது டயருக்குள் இருக்கிற காற்று மட்டும். அதனால் ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. 2.4 அங்குலம் நுழைய வேண்டும். நுழைந்த பிறகு இரண்டு பக்கமும் சுண்டுவிரல் போகிற இடைவெளி வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் 2.4 என்று போட்டிருப்பார்கள், உள்ளே பார்த்தால் செயின் பக்கம் ஃப்ரேம் குழாயை ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது காற்று. ஊர் உலகமே டயரைக் கல் மாதிரி அடித்துக்கொண்டு ஓட்டுகிறது. நானும் 45 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) அடித்து ஓட்டியவன்தான். ஒரு நாள் பஞ்சர் ஒட்டிவிட்டு, கையில் இருந்த சிறிய பம்பில் அடிக்க அலுத்துப்போய்ப் பாதியிலேயே கிளம்பினேன். வழக்கமாக நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற வேர்ப்பகுதியில் அன்று ஏறிப் போய்விட்டேன். சோம்பல் கற்றுக்கொடுத்த பாடம். இப்போது 2.4 அகலத்தில், டியூப் இல்லாமல், முன்னால் 19, பின்னால் 22 பிஎஸ்ஐ. நான் 74 கிலோ. நீங்கள் 85, அதனால் இரண்டோ மூன்றோ கூட்டிக்கொள்ளுங்கள். டியூப் போட்டு ஓட்டினால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

ரிம் உள் அகலம் 25 முதல் 30 மில்லிமீட்டர் இருந்தால் இந்த டயர் ஒழுங்காக உட்காரும். ஒடுங்கிய ரிம்மில் குறைந்த காற்றோடு வளைவில் திரும்பினால் டயர் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் போவீர்கள்.

இன்னொன்று. அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 61-622 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 29 அங்குலம் என்பது 622, ரோடு சைக்கிளின் 700சி என்பதும் அதே 622. 27.5 என்பது 584. 26 என்று மட்டும் சொன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன. மலைச் சைக்கிளின் 26 என்றால் 559. நான் ஒரு முறை ‘26’ என்று கேட்டு வாங்கி வந்த டயர் 590. அது இப்போது ஒரு பூந்தொட்டியைச் சுற்றிக் கிடக்கிறது.

ஜனவரி 19
பம்பின் முள்ளை நம்பி 19 பிஎஸ்ஐ என்று எழுதினேன். இன்று தனி மீட்டரில் பார்த்தால் 22. தரைப் பம்புகளின் முள் குறைந்த அழுத்தத்தில் கண்டபடி காட்டும். அப்படியென்றால் நேற்று எழுதிய என் எண்கள் என் பம்புக்கு மட்டும் பொருந்தும். ஒரே பம்பை வைத்துக்கொண்டு, ரிம் கல்லில் இடிக்கிற வரை இறக்கி, பிறகு இரண்டு ஏற்றுங்கள். அதுதான் உங்கள் எண்.

பிப்ரவரி 2
சஸ்பென்ஷன் வைத்த பழைய சைக்கிள் ஒன்று கிடைத்திருக்கிறது, ஃபோர்க்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் ஃபோர்க்கின் நீளத்தை அளந்த பிறகு. நான் அளக்காமல் மாற்றினேன்.

100 மில்லிமீட்டர் அசைவுள்ள ஃபோர்க்கை மனதில் வைத்து அந்த ஃப்ரேமைச் செய்திருந்தார்கள். ஆக்ஸில் நடுவிலிருந்து மேலே ஃபோர்க்கின் கால்கள் சேரும் கிரவுன் வரை 470 மில்லிமீட்டர். நான் மாட்டிய பழைய ரிஜிட் ஃபோர்க் 410. ஆறு சென்டிமீட்டர்தானே என்று நினைத்தேன். முன்பக்கம் குனிந்ததில் தலைக்கோணம், அதாவது கழுத்துக் குழாயின் சாய்வு, மூன்று டிகிரி செங்குத்தாகிவிட்டது. ஏறத்தாழ இருபது மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரி என்று கணக்கு. பெடல் அச்சு இரண்டரை சென்டிமீட்டர் கீழே இறங்கியது. முதல் இறக்கத்தில் சைக்கிள் என்னைக் கேட்காமலே திரும்பியது, முதல் மேட்டில் பெடல் வேரில் இடித்தது. அன்றைக்குப் பல் போகாதது முன்னோர் செய்த புண்ணியம்.

ஆள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் ஃபோர்க் எப்படியும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கும். அதைக் கழித்தால் எனக்கு வேண்டியது 445 முதல் 450. அந்த நீளத்தில் ரிஜிட் ஃபோர்க்குகள் கிடைக்கின்றன, சஸ்பென்ஷனுக்கு ஈடுகட்டும் நீளம் என்று சொல்லித்தான் விற்பார்கள். வாங்கும் முன் ஃப்ரேமின் கழுத்துக்குள் நுழையும் ஸ்டியரர் குழாயையும் பாருங்கள். முழுக்க ஒரே அளவா, கீழே போகப் போகப் பருக்கிறதா? பருத்த ஃபோர்க் பழைய ஒல்லிக் கழுத்தில் நுழையாது. ஒல்லி ஃபோர்க்கைப் பருத்த கழுத்தில் ஒரு வளையம் போட்டு மாட்டலாம்.

பிப்ரவரி 3
அந்த 410 ஃபோர்க் என்னவாயிற்று என்று கேட்டவருக்கு: பூந்தொட்டி டயருக்குப் பக்கத்தில் அவரைக்கொடி அதில் ஏறிக்கொண்டிருக்கிறது. தோட்டம் வளர்கிறது.

பிப்ரவரி 20
செலவைக் குறைக்க நல்ல வழி, 1990களின் முதல் பாதியில் வந்த பழைய மலைச் சைக்கிள். ஸ்பெஷலைஸ்டு ராக்ஹாப்பர், ட்ரெக்கின் 900 வரிசை மாதிரி. குரோமோலி ஃப்ரேம், ரிஜிட் ஃபோர்க், ஃப்ரீஹப், மரை போட்ட பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சைத் தாங்கும் பேரிங்). அன்றைக்கு நல்ல விலைக்குப் போனவை, இன்று மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. எடுங்கள்.

பார்க்க வேண்டியது: கழுத்துக் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்துக்கு அடியில் பெயிண்ட் சுருங்கியிருந்தாலோ மயிரிழைக் கோடு தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். முன்னால் எதிலோ மோதிய சைக்கிள். பின் ரிம்மின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள், உள்நோக்கிக் குழிந்திருந்தால் பிரேக் கட்டை தின்றிருக்கிறது, ரிம்முக்கு ஆயுள் முடிந்தது. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் கவலை இல்லை, கோட்டம் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்கும் முன் சீட்போஸ்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய சீட்போஸ்ட் பல வருடம் கிரீஸ் இல்லாமல் இருந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்து ஒட்டிக்கொள்ளும். நான் ஒன்றை வெளியே எடுக்க மூன்று வார இறுதிகளைச் செலவழித்தேன். கடைசியில் ரம்பத்தை உள்ளே விட்டு அறுத்து எடுத்தேன். அது என் உயரத்துக்குச் சரியாக இருந்தால் அப்படியே விட்டிருப்பேன். நாலு விரல் தாழ்வு.

மார்ச் 11
மேலே ‘எடுங்கள்’ என்று எழுதியதில் இப்போது எனக்கே முழுச் சம்மதமில்லை.

போன வாரம் என் பழைய 26ஐயும் தம்பியின் 29ஐயும் ஒரே பாதையில் மாற்றி மாற்றி ஓட்டினோம். பழையதில் 2.1க்கு மேல் டயர் நுழையாது. ஜனவரியில் டயர்தான் எல்லாம் என்று நீட்டி முழக்கிவிட்டு, பிப்ரவரியில் டயர் நுழையாத சைக்கிளை வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். 29இல் பெரிய சக்கரம் குழியில் விழாமல் தாண்டிப் போகிறது. ஆற்றுக் கூழாங்கல் பகுதியில் வித்தியாசம் கை மணிக்கட்டுக்கே தெரிந்தது. தம்பி திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டான்.

பழைய சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் மாட்டவும் இடம் இருக்காது. அதனால் இப்படித் திருத்துகிறேன்: பாதை வெறும் மண்ணும் சரளையும் என்றால் பழையது போதும். நீங்கள் சொன்ன மாதிரி கல்லும் வேரும் என்றால், 2.4 நுழைகிற, டிஸ்க் உள்ள, கொஞ்சம் புதிய ஃப்ரேம்.

மார்ச் 12
டிஸ்க் எதற்கு என்றால் பிடிமானத்துக்காக மட்டும் இல்லை. சேற்றில் ரிம்மைப் பிடிக்கிற பிரேக், மணலைச் சேர்த்துத் தேய்த்து ரிம்மையே தின்னும். டிஸ்க்கில் தேய்வது மாற்றக்கூடிய தட்டும் பேடும். கேபிளால் இயங்கும் டிஸ்க் போதும், வழியில் கேபிள் அறுந்தால் எங்கும் மாற்றலாம். எண்ணெயில் இயங்குவது விரலுக்கு இதம், அடிக்கடி சரிசெய்யவும் தேவையில்லை. ஆனால் குழாய் கிழிந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. உங்களுக்குப் பொறுமை இல்லை என்றீர்கள். யோசித்தால் பொறுமை இல்லாதவருக்கு எண்ணெய்தான் சரியோ என்று தோன்றுகிறது. நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 5
பாட்டம் பிராக்கெட் மரை போட்டதா, அழுத்திச் செருகியதா என்று பாருங்கள். மரைதான் வேண்டும். செருகியது கொஞ்ச நாளில் கிரீச்சிட ஆரம்பிக்கும், மாற்றத் தனிக் கருவி வேண்டும்.

மரையிலும் ஒரு சூது உண்டு. வலது பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை. கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் அரை நாள், ஸ்பானரில் இரும்புக் குழாய் மாட்டி, அதன் மேல் ஏறி நின்று, இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் வேறு பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை. இடது பெடலுக்கும் இடது மரைதான், அதையாவது நினைவில் வையுங்கள்.

ஜூன் 14
கியர். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஒன்பதோ பத்தோ, அதில் பெரிய சக்கரத்துக்கு 42 பல்லுக்குக் குறையாமல். பன்னிரண்டு வேண்டாம், செயினும் கொத்தும் விலை கூடும், டீரெயிலர் ஒரு நூல் வளைந்தாலும் தகராறு. டீரெயிலர் தொங்குகிற சின்ன ஹேங்கர் துண்டு தனியாகக் கழலக்கூடியதாக இருந்தால் அதே மாதிரி ஒன்றை வாங்கின அன்றே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்து அந்தத் துண்டு கிடைக்காது. ஃப்ரேம் நன்றாக இருக்கும், சைக்கிள் ஓடாது.

செயினை அளக்கச் சாதாரண ஸ்கேல் போதும். ஒரு ஊசியின் நடுவிலிருந்து, அதைச் சேர்க்காமல் எண்ணி, இருபத்து நான்காவது ஊசியின் நடு வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அதில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகும்வரை விட்டால் பல்சக்கரக் கொத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

ஆகஸ்ட் 22
கை மரத்துப்போவதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் குற்றம் சாட்டுகிறார். நியாயம். நீண்ட கல் இறக்கத்துக்குப் பிறகு எனக்கு மோதிர விரலும் சுண்டுவிரலும் மணிக்கணக்கில் மரத்திருக்கும். உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அமுங்குவதால் வருவது. தடித்த கிரிப்பும், கொஞ்சம் பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் போட்டேன், முக்கால்வாசி போயிற்று. மீதி கால்வாசி என் தப்பு, சீட்டில் உட்கார்ந்தே இறங்குவேன். எழுந்து நின்று முழங்காலும் முழங்கையும் மடக்கி, சைக்கிளை உங்களுக்குக் கீழே குதிக்க விடுங்கள். எந்த ஃபோர்க்கையும் விட உங்கள் காலுக்கு நீளம் அதிகம்.

செப்டம்பர் 9
ஃப்ரேம் உடைந்த கதையைக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள்.

உடைந்தது ஸ்டீல். சிரிக்க வேண்டாம். சீட்போஸ்டைக் குறைந்தபட்ச ஆழக் கோட்டுக்கு மேல் இழுத்து வைத்து ஓட்டினேன். அறுத்து எடுத்தேன் என்றேனே, அதற்குப் பதிலாகப் போட்ட புதியது ஒரு அளவு குட்டை. என் முழு எடையும் குழாயின் மேல் விளிம்பில் நெம்புகோல் மாதிரி வேலை செய்ய, மேல்குழாய் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் விரிசல். இரண்டு மாதம் அது செயின் சத்தம் என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டீல் என்பதால் ஒருவர் பற்றவைத்துக் கொடுத்தார், இன்னும் ஓடுகிறது. 6061 அலுமினியமாக இருந்தால் பற்றவைத்த பின் திரும்பச் சூடுகாட்டிப் பதப்படுத்த வேண்டும், பெரும்பாலும் யாரும் செய்துதர மாட்டார்கள். ஜனவரி 10இல் ஸ்டீலைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கி எழுதிவிட்டேன் போல.

அக்டோபர் 27
வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 29, ஃப்ரீஹப், 32 ஸ்போக்ஸ், கேபிள் டிஸ்க், மரை போட்ட பாட்டம் பிராக்கெட், ஃப்ரேம் அலுமினியம், ஃபோர்க் ஸ்டீல். இவ்வளவு எழுதியும் அலுமினியமா என்று ஒரு நிமிடம் இருந்தது. சரி, நானே சொன்னதுதானே. முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்போக்ஸ் எல்லாம் தளரும், ஒரு முறை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிடுங்கள்.

சீட்போஸ்டுக்கு கிரீஸ் தடவினீர்களா?

அக்டோபர் 28
அலுமினியத்துக்குள் அலுமினியம் என்றாலும் தடவுங்கள்.